வானிற் பேசும் உரிமை



எங்கள் மோகனூரில் காவிரி அகன்று கிடக்கும். கோடைக்காலத்தில் நீர் ஒரு கரையோரமாக ஒதுங்கி ஓட, எஞ்சிய இடமெல்லாம் மணற்பரப்பாகக் காட்சி தரும். மாலை வேளையில் அம்மணலில் உலாவுவது எனக்குப் பல்லாண்டுப் பழக்கம். தலைமையாசிரியர் பணியினின்றும் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நாள் அவ்வாறு உலாவுகையில் சிறிய விமானம் ஒன்று எங்கள் தலைக்குமேல் தாழப் பறந்து கிழக்கு நோக்கிச் சென்றது. உடன் வந்த மாணவன் ஒருவன், "ஐயா, அதை ஓட்டுகிறவர் யாரிடம் பேசிக்கொண்டு போவார்? அவர் விரும்பியதைப் பேசலாமா?" என்று வினவினான்.

முதல் வினாவிற்கு ஏதோ விடை கூறினேன். இரண்டாவது வினாவிற்கு விடை தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். ஆசிரியர்கள் அனைவரும் அறிந்த வழிதான் இது. ஆனால் அவ்வினா என்னை விடவில்லை. வரலாறு பயிற்றியவன் ஆதலின், விடையைத் தேடிப் பழைய சட்டங்களுக்குள்ளும் உடன்படிக்கைகளுக்குள்ளும் புகுந்தேன். அங்கே கண்டவற்றை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

நாமக்கல் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு லாரியைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரி ஒன்று சாலையில் ஓடவேண்டுமாயின் ஆர்.சி. புத்தகம் வேண்டும், எஃப்.சி. வேண்டும், பெர்மிட் வேண்டும், ஓட்டுநரிடம் லைசென்ஸ் வேண்டும் என்பதை நம் ஊர்ச் சிறுவரும் அறிவர். விமானத்திற்கும் ஏறக்குறைய இவைதாமே உண்டு? பதிவுச் சான்று, பறக்கத் தகுதியுடையது என்னும் சான்று, விமானியின் உரிமம், பயணக் குறிப்பேடு ஆகியன அவை. இவற்றோடு லாரிக்கு இல்லாத ஒன்றும் விமானத்திற்கு உண்டு. லாரியின் ஹாரனுக்கு எவரும் தனி உரிமம் கேட்பதில்லை. விமானத்தின் வாய்க்கோ இரண்டு உரிமங்கள் வேண்டும். அதிலுள்ள வானொலிக் கருவிக்கு ஒன்று. அக்கருவியில் பேசும் மனிதருக்கு மற்றொன்று. ஒருவர் எத்துணைத் திறமையாக விமானத்தை ஓட்டினாலும், பேசும் உரிமம் பெறாவிடில் ஒலிவாங்கியைத் தாமே கையிலெடுக்கும் தகுதி அவருக்கு இல்லை.

இவ்வழக்கம் வானில் தோன்றியதன்று, கடலில் தோன்றியது. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியபொழுது, அருகிலிருந்த கலிபோர்னியன் என்னும் கப்பலின் ஒரே தந்தியாளர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றிருந்தார். அபாயக் குரல் அவர் செவிக்கு எட்டவில்லை. கரையிலோ, கம்பியில்லாத் தந்திக் கருவி வைத்திருந்த எண்ணற்றோர் ஒரே வேளையில் பேச முற்பட்டமையால் செய்திகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பின. அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே அமெரிக்கா இதற்கெனச் சட்டம் இயற்றிக் கருவிக்கும் ஆளுக்கும் உரிமம் வேண்டும் என்று விதித்தது. பேசத் தெரியாதவன் பேசினாலும் கேடு, கேட்கவேண்டியவன் கேளாதிருந்தாலும் கேடு என்பதனை 1,500 உயிர்களை இழந்த பின்னரே உலகம் உணர்ந்தது.

முதலாம் உலகப்போர் முடிந்தபின் 1919ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பாரிசில் கையெழுத்தான வான்வழி உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு இக்கருத்தை அப்படியே விமானத்திற்கு ஏற்றியது. எந்த நாட்டில் விமானம் பதிவு பெற்றுள்ளதோ, அந்நாட்டின் தனி உரிமம் இன்றிக் கம்பியில்லாக் கருவியை விமானத்தில் ஏற்றலாகாது. உரிமம் பெற்ற பணியாளரன்றிப் பிறர் அதனைக் கையாளலாகாது. பத்துப் பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ ஏற்றவல்ல பயணியர் விமானமோ அக்கருவி இன்றிப் பறத்தலாகாது என்றும் அப்பிரிவு வழிவகை செய்தது. ஆகவே தனியார் சிறு விமானத்தின் நிலை விந்தையானது. கருவி வைத்துக்கொள்ளவேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. வைத்துக்கொண்டாலோ உரிமம் கட்டாயம்.

இனி நம் நாட்டு நிலையைக் காண்போம். சென்னையில் 1910ஆம் ஆண்டிலேயே டாஞ்செலிஸ் என்ற ஓட்டல் உரிமையாளர் சிம்ப்சன் நிறுவனத்தாரின் உதவியுடன் விமானம் ஒன்றைக் கட்டிப் பறந்து காட்டினார். அப்பொழுது அவரிடம் எவரும் எந்த உரிமத்தையும் கேட்டிருக்க இயலாது. இந்தியாவின் முதல் விமானச் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டிலேதான் பிறந்தது. 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா அவர்கள் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் அவர் ஒற்றை எஞ்சின் பொருந்திய பஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டையுடன் கராச்சியிலிருந்து புறப்பட்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்திறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பார் பெல்லாரி வழியாகத் தபாலைச் சென்னைக்குக் கொணர்ந்தார்.

அப்பயணத்தில் விமானத்திலும் வானொலி இல்லை, தரையிலும் வழிகாட்டும் கருவி இல்லை. ஆற்றையும் இருப்புப்பாதையையும் பார்த்துக்கொண்டே பறந்த காலம் அது. 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ அவர்கள் அத்தகைய பஸ் மாத் ஒன்றில் கடல் கடந்து சென்று, இலங்கையின் இரத்மலானை விமானத்தளத்தில் முதன்முதலாக இறங்கினார். பாக்கு நீரிணையை அன்று கடந்தவரின் மன உறுதியை இன்று கருவிகளுக்கு நடுவே அமர்ந்திருப்போர் எண்ணிப்பார்த்தல் அரிது.

இங்கே வேடிக்கையான செய்தி ஒன்று உண்டு. டாட்டா ஓட்டிய விமானத்தின் பதிவெழுத்து வி.டி.-ஏ.டி.என். என்பது. இந்தியாவில் பதிவு பெற்ற விமானம் ஒவ்வொன்றின் மேலும் வி.டி. என்னும் ஈரெழுத்தைக் காணலாம். இது 'வைசிராய்ஸ் டெரிட்டரி' என்பதன் சுருக்கம் என்றும், அடிமைச் சின்னம் என்றும் பலர் கூறுவர். பாராளுமன்றத்திலும் இக்குறை எழுப்பப்பட்டதுண்டு. நானும் வகுப்பறையில் பல ஆண்டுகள் இவ்வாறே கூறிவந்தேன் என்பதை நாணத்துடன் ஒப்புக்கொள்கிறேன். உண்மையில் இவை வானொலி அழைப்பெழுத்துகள். 1927ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய அனைத்துலகக் கம்பியில்லாத் தந்தி மாநாடு, ஒவ்வொரு நாட்டின் நிலையங்களுக்கும் முதலெழுத்துகளைப் பங்கிட்டுக் கொடுத்தது. வி என்ற எழுத்தின் வரிசை பிரிட்டிஷ் பேரரசின் நாடுகளுக்குச் சென்றது. அதில் ஏ முதல் ஜி வரை கனடாவிற்கு. எச் முதல் எம் வரை ஆஸ்திரேலியாவிற்கு. இவ்வாறே பகிர்ந்து வருகையில் டி முதல் டபிள்யூ வரை இந்தியாவிற்கு வந்து சேர்ந்தது. வைசிராய்க்காக எவரும் டி என்னும் எழுத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அகரவரிசை கொணர்ந்து நிறுத்திய இடம் அது. அதற்குமுன் நம் விமானங்கள் ஜி, ஐ என்னும் எழுத்துகளைத் தாங்கின. அவையன்றோ உண்மையான அடிமைச் சின்னம்! ஜி என்பது பிரிட்டனுடைய எழுத்து.

நம் சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் தொடங்கியபொழுது பெற்ற வி.யு.எம். என்னும் அழைப்பெழுத்தும் இதே பங்கீட்டிலிருந்து வந்ததே. ஆக, விமானத்தின் இறக்கையில் எழுதப்பட்டிருப்பது அதன் பெயர் மட்டுமன்று. வானொலியில் அதனை விளிக்கும் குரலும் ஆகும். டாட்டாவின் விமானம் அழைப்பெழுத்தைச் சுமந்து பறந்தது. ஆனால் அழைத்தால் கேட்பதற்கு அதனிடம் செவி இல்லை.

சட்டம் விரைவில் வந்தது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் முன்னரே தந்தித் துறை முழுவதையும் அரசின் தனியுரிமையாக்கியிருந்தது. 1933ஆம் ஆண்டு இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஒருபடி மேலே சென்று, உரிமமின்றிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. அச்சட்டம் 1934ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்த 1934ஆம் ஆண்டிலேயே விமானச் சட்டமும், அதன்கீழ் 1937இல் விமான விதிகளும் எழுந்தன. எனவே வானொலி பொருத்திய விமானத்தின் சொந்தக்காரர் இரண்டு எசமானர்க்குக் கட்டுப்பட்டவரானார். பறத்தலைப் பொறுத்தவரை விமானத் துறைக்கு. பேசுதலைப் பொறுத்தவரை தந்தித் துறைக்கு. இவ்விரட்டை ஆட்சி ஏறத்தாழ 90 ஆண்டுகள் நீடித்தது.

1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் கை எங்கள் வீடு வரையிலும் நீண்டது. என் இளமையில் தந்தையார் வானொலிப் பெட்டி ஒன்று வாங்கினார். அதற்கு ஆண்டுதோறும் அஞ்சல் நிலையத்தில் கட்டணம் செலுத்தி உரிமப் புத்தகத்தைப் புதுப்பிக்கவேண்டும். ஓராண்டு கரும்பு வெட்டும் மும்முரத்தில் மறந்துவிட்டார். நாள் கடந்தபின் நினைவு வந்ததும், தண்டம் கட்டி முடிக்கும் வரையில் பெட்டியின்மேல் போர்வை போர்த்திவைத்திருந்தார். திருச்சி நிலையத்துச் செய்தியைத் தாழ்ந்த ஒலியில்தான் கேட்டோம். கேட்பதற்கே இத்துணை அச்சமெனில், ஒலிபரப்பும் கருவியை வைத்திருப்போரின் நிலை எத்தகையது என்பதை எண்ணிப்பாருங்கள்! கேட்போருக்கான அவ்வுரிமம் 1980களில் ஒழிந்தது. பேசுவோருக்கான உரிமம் ஒழியவில்லை.

அரசு இவ்வளவு கடுமை காட்டியதற்குக் காரணம் பாதுகாப்பு ஒன்று மட்டுமே என்று நான் கூறமாட்டேன். இரண்டாம் உலகப்போர் மூண்ட 1939 செப்டம்பரில் இந்தியாவிலுள்ள பொழுதுபோக்கு வானொலியாளர் அனைவரின் உரிமங்களும் திரும்பப் பெறப்பட்டன. 1942ஆம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின்போது, உஷா மேத்தா அம்மையாரும் தோழர்களும் பம்பாயில் மறைவாகக் காங்கிரஸ் வானொலியை நடத்தினர். நவம்பர் மாதத்தில் பிடிபட்டுச் சிறை சென்றனர். அன்னாரிடமும் உரிமம் இல்லைதான். அவரை நாம் குற்றவாளி என்போமா? உரிமம் என்னும் ஒரே பூட்டு மக்களைக் காக்கவும் பயன்பட்டது. மக்களின் வாயை அடைக்கவும் பயன்பட்டது. வரலாறு படிப்போர் இவ்விரண்டையும் ஒருங்கே காணவேண்டும்.

போர் முடியும் தறுவாயில், 1944ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், சிகாகோ நகரில் புதிய உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா அதனை 1947ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் உறுதி செய்தது. அதாவது விடுதலைக்கு ஐந்தரைத் திங்களுக்கு முன். அதன் 30ஆம் பிரிவு, பாரிசு உடன்படிக்கையின் கருத்தை இன்னும் தெளிவாக்குகிறது. கருவியின் உரிமத்தையும் அதனைக் கையாள்பவரின் உரிமத்தையும் பதிவு செய்த நாடே வழங்கவேண்டும். ஆனால் அக்கருவியைப் பயன்படுத்துங்கால் எந்நாட்டின் மேல் பறக்கின்றதோ அந்நாட்டின் விதிகளுக்கு அடங்கவேண்டும். 29ஆம் பிரிவு, வானொலி பொருத்திய விமானம் அவ்வுரிமத்தைத் தன்னுடன் எடுத்துச் செல்லவேண்டும் என்கிறது.

உரிமம் இருந்துவிட்டால் எல்லாம் சீராகிவிடுமா என்றால், இல்லை. 1948இல் சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலியர் கராச்சியிலிருந்து இரவில் ஐதராபாத் சமஸ்தானத்திற்கு ஆயுதங்களை விமானத்தில் கொணர்ந்தார். அவர் விதிகளை மீறிப் பறந்தவர். 1995ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் இரவு மேற்கு வங்கத்துப் புருலியாவில் ஆயுதங்களைப் பொழிந்த அந்தோனவ் விமானமோ, முறைப்படி பறப்புத் திட்டம் அளித்து, தரை நிலையங்களுடன் பேசிக்கொண்டே வந்தது. சில நாட்களில் அதே விமானம் துணிவுடன் மீண்டும் இந்திய வானில் நுழைந்து, நம் சென்னையிலேயே எண்ணெய் நிரப்பிக்கொண்டு சென்றது. அதன் பின்னரே பம்பாயில் வலிந்து இறக்கப்பட்டது. தாள்கள் சரியாக இருந்தால் உள்ளமும் சரியாக இருக்கும் என்று எந்த உரிமமும் உறுதி கூறாது.

இனி அம்மாணவனிடம் திரும்புவோம். மணலில் வினாவெழுப்பிய அப்பிள்ளை பின்னர் விமானப் பயிற்சிக்கே சென்றுவிட்டான். தந்தை இரண்டு ஏக்கர் கரும்பு நிலத்தை விற்றுக் கட்டணம் செலுத்தினார். பறப்பதில் அவன் எவருக்கும் பின்தங்கவில்லை. ஆனால் வானொலித் தொலைபேசித் தேர்வில், தேர்வாளர்முன் நேரில் பேசிக்காட்டும் பகுதியில் தவறிவிட்டான். அச்சான்றிதழை வழங்கியது விமானத் துறையன்று; தொலைத்தொடர்புத் துறையின்கீழ் 1952ஆம் ஆண்டு முதல் இயங்கிய கம்பியில்லாத் தந்தித் திட்ட ஒருங்கிணைப்புப் பிரிவு. தேர்வு சில பெருநகரங்களில்தான் நடைபெறும். தவறினால் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்கவேண்டும். காத்திருக்கும் நாளெல்லாம் கடனுக்கு வட்டி ஏறும்.

ஒரு நாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, "ஐயா, எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் அவர்முன் நாக்கு எழவில்லை" என்றான்.

"அப்படியாயின் நாளை முதல் நானே விமான நிலையம். நீ என்னிடம் பேசு தம்பி" என்றேன்.

அன்று தொடங்கி ஒரு மாதம் என் திண்ணை கட்டுப்பாட்டுக் கோபுரமாயிற்று. அவன் கொண்டுவந்த நூலை வைத்துக்கொண்டு நான் ஆணைகளைப் படிப்பேன். அவன் அவற்றைத் திருப்பிச் சொல்வான். எழுத்துகளை ஆல்ஃபா, பிராவோ, சார்லி எனச் சொற்களாக உரைக்கவேண்டும். 1956ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் விமான உலகில் நடைமுறைக்கு வந்த இச்சொற்கள், ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் பேசுவோரின் நாவில் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. எண்களுக்கும் தனி ஒலிப்பு உண்டு: மூன்று என்பதற்கு 'ட்ரீ', ஐந்துக்கு 'ஃபைஃப்', ஒன்பதுக்கு 'நைனர்'. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக 'த்ரீ' என்று நாக்கைப் பல்லிடை வைத்துச் சொல்லுங்கள் என மாணவரைத் திருத்திய எனக்கு, 'ட்ரீ' என்பதே சட்டப்படி சரி என்பது அப்பொழுதுதான் தெரிந்தது! அபாயக் குரலாகிய 'மேடே' என்பதும் ஆங்கிலமன்று. 1920களில் இலண்டனை அடுத்த குரோய்டன் விமான நிலையத்து வானொலி அதிகாரி மாக்ஃபோர்டு என்பார், 'எனக்கு உதவுக' என்னும் பொருள்தரும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியை ஒட்டி அமைத்த சொல் அது. இதனையும் 1927ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநாடே ஏற்றது.

திருப்பிச் சொல்லுவது ஏன் என்று அவன் சலித்துக்கொண்டபோது இரண்டு செய்திகளைக் கூறினேன். முதலாவது, கருவியின் இயல்பு. விமான வானொலியில் ஓர் அலைவரிசையில் ஒரு வேளையில் ஒருவரே பேச இயலும். இருவர் ஒருங்கே பேசின், கீச்சென்ற ஓசையில் இருவர் சொல்லும் அழியும். 10,000 அடி உயரத்திலுள்ள விமானத்தின் குரலோ 200 கிலோமீட்டருக்கு மேலும் பரவும். மோகனூருக்கு மேலே பறந்துகொண்டு ஒருவன் வீண்பேச்சுப் பேசினால், அதே அலைவரிசையில் திருச்சியிலும் சேலத்திலும் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் பிறர் வாய் அடைபடும்.

இரண்டாவது, 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாலை அரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே நிகழ்ந்தது. தில்லியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த சவூதி விமானத்திற்கு 14,000 அடி அளிக்கப்பட்டிருந்தது. எதிரே இறங்கிவந்த கசகஸ்தான் விமானத்திற்கு 15,000 அடி. இடையே 1,000 அடி இடைவெளி. கசகஸ்தான் விமானத்தில் தரையுடன் பேசுவதற்கென்றே தனிப் பணியாளர் ஒருவர் இருந்தார். அவர் ஆணையைக் கேட்டார், விடையும் அளித்தார். ஆயினும் விமானம் தனக்கு அளிக்கப்பட்ட உயரத்தைக் கடந்து கீழிறங்கியது. இரண்டும் மோதின. இரு விமானங்களிலும் இருந்த 349 பேரும் மாண்டனர், ஒருவரும் பிழைக்கவில்லை. நீதிபதி லகோட்டி அவர்கள் தலைமையில் அமைந்த விசாரணை, அவ்விமானம் உயரம் மீறி இறங்கியதே காரணம் எனக் கண்டது. பணியாளரின் ஆங்கில அறிவுக் குறைவும், ஓட்டுபவருக்கும் பேசுபவருக்கும் இடையே இருந்த பொருத்தமின்மையும் சுட்டப்பட்டன. பின்னர் 2008ஆம் ஆண்டு மார்ச்சு முதல், அனைத்துலகப் பறப்பில் ஈடுபடும் விமானிகள் மொழித்தேர்ச்சியில் ஆறு படிகளுள் நான்காம் படியையேனும் எய்தவேண்டும் என்னும் விதி உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது.

நான் இதைச் சொல்லி முடித்தபின் அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நூலை எடுத்து என் கையில் வைத்து, "மறுபடியும் முதலிலிருந்து கேளுங்கள் ஐயா" என்றான்.

முன்னர்க் கூறிய இரட்டை ஆட்சி இப்பொழுது தளர்ந்துள்ளது. 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் இயற்றப்பட்ட பாரதிய வாயுயான் சட்டம் 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. விமானியர்க்குரிய வானொலித் தேர்வும் சான்றிதழும் அதன் வழியே தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்திற்கு மாற்றப்பட்டன. 1885, 1933 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்கு மாற்றாக 2023ஆம் ஆண்டில் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. அலைவரிசைகள் பொதுமக்களின் உடைமை என்று உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. வெள்ளையர் அரசு தன் தனியுரிமை என்று கொண்ட ஒன்று, நம் அனைவரின் பொதுச் சொத்தாகிவிட்டது. அரசு அதன் காவலர் மட்டுமே. இக்கருத்து மாற்றம் ஏட்டளவில் நிற்குமா, நடைமுறையிலும் காணப்படுமா என்பதை உங்கள் தலைமுறையினர் காண்பீர்கள்.

என் மாணவன் பழைய முறையிலேயே, இரண்டாம் முயற்சியில் தேறினான். தேர்வு முடிவு வந்த அன்று தொலைபேசியில் அழைத்தான். குரல் தழுதழுத்தது, என்ன சொன்னான் என்பது எனக்குச் சரியாக விளங்கவில்லை. "தம்பி, செய்தியை மறுமுறை சொல்" என்றேன். சிரித்துக்கொண்டே தன் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொற்களில் உரைத்து, தேர்ச்சி பெற்றதையும் கூறினான். நானும் முறைப்படி அதனைத் திருப்பிச் சொன்னேன்.